ரிப்போர்ட் நார்மல்... கல்லீரல்?

கேள்வி: எனக்கு 46 வயது. ஆறு வருடமாக ஹெபடைடிஸ் பி இருக்கிறது. மஞ்சள் காமாலை வந்ததே இல்லை. போன வாரம் எடுத்த டெஸ்ட்டில் எஸ்.ஜி.பி.டி. 36, எஸ்.ஜி.ஓ.டி. 44, பிளேட்லெட் 1.45 லட்சம். ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்கிறார்கள். கல்லீரல் கெட்டுப்போகுமா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: முடியும். அதற்கான எண்கள் உங்கள் ரிப்போர்ட்டிலேயே இருக்கின்றன. எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. இரண்டும் கல்லீரல் செல்கள் சேதமாகும்போது ரத்தத்தில் கசியும் என்சைம்கள். எஸ்.ஜி.பி.டி. சொல்வது இன்றைய சேதத்தை; இத்தனை வருடம் சேர்ந்த தழும்பு அதில் தெரியாது. லேபில் 40 வரை நார்மல் என்று அச்சடித்திருப்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதலில் எல்லை ஆணுக்கு 30, பெண்ணுக்கு 19. அந்தக் கணக்கில் உங்கள் 36 அதிகம்தான்.

பிளேட்லெட்டையும் கவனியுங்கள். கல்லீரலில் தழும்பு ஏற ஏற ரத்தம் உள்ளே போகத் திணறும். மண்ணீரல் வீங்கி, பிளேட்லெட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதை வைத்துத்தான் ‘ஆப்ரி’ கணக்கு. எஸ்.ஜி.ஓ.டி.யை அதன் நார்மல் உச்சத்தால் வகுங்கள்: 44 ÷ 40 = 1.1. அதை 100-ஆல் பெருக்கி, ஆயிரக்கணக்கில் எழுதிய பிளேட்லெட்டால் வகுங்கள்: 110 ÷ 145 = 0.76. 0.5-ஐத் தாண்டினாலே கணிசமான தழும்பு இருக்கலாம்; 1-ஐத் தாண்டினால் சிரோசிஸ், அதாவது கல்லீரல் முழுக்கத் தழும்பேறிய நிலை என்று சந்தேகம். நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள். சும்மா விடக்கூடிய எண் இல்லை இது.

ஆனால் சமீபத்தில் டெங்கு வந்திருந்தால் பிளேட்லெட் அதனாலேயே குறைந்திருக்கும். குழாயில் பிளேட்லெட் ஒட்டிக்கொண்டாலும் மெஷின் குறைத்துக் காட்டும். அதனால் ஒரு தடவை மறுபடி எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது, கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன். மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் போங்கள். சாப்பிட்டுவிட்டுப் போனால் அளவு ஏறும். எஸ்.ஜி.பி.டி. பல மடங்கு எகிறியிருக்கும் சமயத்தில் எடுத்தாலும் தழும்பு இருப்பதுபோல் காட்டும். குறைந்தது 10 சரியான அளவுகள் பதிவாக வேண்டும். இறுக்கத்தின் அளவு 7 கிலோபாஸ்கலுக்கு மேல் போனால் கணிசமான தழும்பு, 12.5-ஐத் தாண்டினால் சிரோசிஸ். கூடவே வைரல் லோடும், அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்றும் பாருங்கள். அது ஒரு மில்லி ரத்தத்துக்கு 2,000 யூனிட்டுக்கு (IU/mL) மேல் இருந்து, எஸ்.ஜி.பி.டி.யும் எல்லையைத் தாண்டியிருந்தால் மாத்திரை தொடங்க வேண்டிய கட்டம். ஆப்ரி 0.5-க்கு மேல் என்று உறுதியானால், வைரல் லோடு எவ்வளவு இருந்தாலும் தொடங்கலாம் என்பதே அந்த வழிகாட்டுதல். இந்த ரிப்போர்ட்டோடு கல்லீரல் மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: ஹெபடைடிஸ் பி-க்கு டெனோஃபோவிர் மாத்திரை சாப்பிட்டு ஒரு வருடத்தில் வைரல் லோடு ‘இல்லை’ என்று வந்துவிட்டது. நிறுத்திவிடலாமா? என் அம்மா கல்லீரல் புற்றுநோயில் இறந்தவர்.
– வாசகி, மதுரை

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். ரத்தத்தில் தெரியாவிட்டாலும் வைரஸ் கல்லீரல் செல்லுக்குள் ஒளிந்திருக்கும். மாத்திரையைச் சட்டென்று விட்டால் சீறி எழும். சிரோசிஸ் இருப்பவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. அம்மாவுக்கு வந்ததால் உங்களுக்கும் ஆபத்து கூடுதல். ஹெபடைடிஸ் பி-யில் சிரோசிஸ் வராமலேயே புற்றுநோய் வருவதும் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டும், கல்லீரல் புற்றுநோய் அறிகுறியைத் தேடும் ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனையும் எடுங்கள். கூடப்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். தொற்று இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போதும்.