அர்ஜுனா விருதுக்குப் பரிந்துரைக் கடிதம் விலைக்கு வாங்க வேண்டுமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் குடியிருக்கிறோம். பேட்மிண்டன் ஆடும் என் மகளுக்கு 19 வயது. மாநிலப் போட்டியில் தங்கமும் தேசிய ஜூனியர் போட்டியில் வெண்கலமும் வாங்கியிருக்கிறாள். சங்கத்தில் செல்வாக்கு உள்ளவர் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர், ஒன்றரை லட்சம் கொடுத்தால் அர்ஜுனா விருதுக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்கித் தருகிறேன் என்கிறார். 20,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதியையும் கொடுக்கலாமா?

பதில்: இனி ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அவர் விற்கும் கடிதமே தேவையில்லை. முன்பு சங்கமோ மாநில அரசோ பெயரைப் பரிந்துரைத்தால்தான் உண்டு. இப்போது வீரர்களே விளையாட்டு அமைச்சகத்தின் இணையதளத்தில் நேரடியாக விண்ணப்பிக்கலாம். வந்த பெயர்களைத் தேர்வுக் குழு பார்த்துப் பரிந்துரைக்கும், அரசு முடிவு செய்யும். 2024 விருதுகளுக்கு ஓய்வுபெற்ற நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் தலைமையில் குழு கூடியது.

அடுத்து, தகுதி. முந்தைய நான்கு ஆண்டுகளில் சர்வதேச அளவில் தொடர்ந்து சாதித்திருக்க வேண்டும், விருது ஆண்டிலும் நன்றாக ஆடியிருக்க வேண்டும். உங்கள் மகளின் மாநில, தேசியப் பதக்கங்கள் இதில் எடுபடாது. 2024 பட்டியலில் இருந்த தமிழ்நாட்டுப் பாரா பேட்மிண்டன் வீராங்கனைகள் துளசிமதி முருகேசன், மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் மூவரும் அதே ஆண்டு பாரிஸ் பாராலிம்பிக்கில் பதக்கம் வென்றவர்கள். 1961-ல் விருது தொடங்கியபோது அதைப் பெற்ற டென்னிஸ் வீரர் ராமநாதன் கிருஷ்ணனும் சதுரங்க வீரர் மானுவல் ஆரோனும் உலக அரங்கில் ஆடியவர்கள்தாம்.

“துப்பாக்கி சுடும் வீராங்கனை மனு பாக்கர் விஷயத்தில் கடைசி நேரத்தில் பெயர் சேரவில்லையா?” என்று தரகர்கள் மடக்குவார்கள். அது அர்ஜுனா அல்ல, நாட்டின் மிக உயர்ந்த விளையாட்டு விருதான கேல் ரத்னா. 2024 டிசம்பரில் அவர் பெயர் பட்டியலில் இல்லை என்று செய்தி வந்தது. விண்ணப்பிப்பதில் தன் பக்கம் தவறு நேர்ந்திருக்கலாம் என்று அவரே எழுதினார். ஜனவரியில் வந்த இறுதிப் பட்டியலில் பெயர் இருந்தது. ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலம் வென்றவரை விட்டுவிட்டு அந்தப் பட்டியலை வெளியிட முடியாது. விண்ணப்பிக்காத தகுதியாளரையும் சேர்க்க அரசுக்கு வழி உண்டு. ஆனால் அந்த வழி திறப்பது பதக்கத்துக்குத்தான். அதைக் காட்டி உங்களிடம் ஒன்றரை லட்சம் கேட்பது பச்சை மோசடி.

தில்லியில் ஹால் வாடகைக்கு எடுத்து, ‘தேசிய’ என்று பெயர் வைத்து, பதிவுக் கட்டணம் வாங்கிக் கேடயம் கொடுக்கும் அறக்கட்டளைகளிடமும் ஏமாறாதீர்கள். அர்ஜுனாவைக் குடியரசுத் தலைவர் வழங்குவார். வில்லேந்திய அர்ஜுனன் சிலையும் சான்றிதழும் 15 லட்சம் ரூபாயும் உண்டு.

தரகர்கள் பிழைப்பதற்கு அமைச்சகமும் ஒரு காரணம். ஹாக்கி வீரர் தயான்சந்த் பிறந்த நாளான ஆகஸ்ட் 29-ல் கொடுக்க வேண்டிய விருதை 2021-ல் நவம்பரில் கொடுத்தார்கள். 2023, 2024 விருதுகள் அடுத்தடுத்த ஜனவரிகளுக்குப் போயின. எப்போது அறிவிப்பு வரும் என்றே தெரியாவிட்டால், ‘எனக்கு உள்ளே ஆள் இருக்கிறது’ என்பவனைத்தானே பெற்றோர் நம்புவார்கள்? நிலையான தேதி வைப்பது அவ்வளவு பெரிய காரியமா?

மகள் பின்னாளில் தகுதி பெறும்போது சிக்கல் வராமலிருக்க, இன்றே ஒரு வேலை செய்யுங்கள். நம்மவர் பெயரில் இனிஷியல்தான் தொல்லை. சான்றிதழில் ‘எஸ். கவிதா’, ஆதாரில் ‘கவிதா எஸ்’, பாஸ்போர்ட்டில் ‘கவிதா செல்வம்’ என்று இருந்தால் ஒரே ஆள் மூன்று பேராகிவிடுவார். ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு இருப்பவருக்கு விருது கிடையாது என்பதால் பெயர்க் குழப்பம் பெரிய ஆபத்து. குத்துச்சண்டை வீரர் மனோஜ் குமாரை, ஊக்கமருந்தில் சிக்கிய அதே பெயருள்ள வேறொருவர் என்று நினைத்து ஒதுக்கிவிட்டார்கள். நீதிமன்றம் போய்த்தான் அர்ஜுனா வாங்கினார். எனவே பாஸ்போர்ட்டில் உள்ளபடியே சங்கப் பதிவிலும் ஆதாரிலும் பெயரைத் திருத்துங்கள்.

இப்போதைக்குக் கர்நாடக அரசு விளையாட்டு வீரர்களுக்குத் தரும் ஏகலவ்யா விருதுக்கான விதிமுறைகளை வாங்கிப் படியுங்கள். முன்பணத்தை யுபிஐயில் அனுப்பியிருந்தால் ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அல்சூர் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள்.