லண்டனில் மகள், ஸ்காபரோவில் வீடு, ஜப்பான் விசா

கேள்வி: என் மகளுக்கு 30 வயது. ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்தவள், கனேடியக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறாள். இரண்டு வருடமாக லண்டனில், இளையோர் பிரித்தானியாவில் தங்கி வேலை செய்யத் தரும் யூத் மொபிலிட்டி விசாவில் வேலை செய்கிறாள். அடுத்து ஒரு வருடம் ஜப்பானுக்கு வேர்க்கிங் ஹொலிடே விசாவில் (இளையோர் ஊர் சுற்றிப் பார்த்தபடி வேலையும் செய்யத் தரும் விசா) போக ஆசைப்படுகிறாள். விண்ணப்பிக்க வயது எல்லை 30; அவளுக்கு 31 ஆக இன்னும் ஏழு மாதம்தான். லண்டனில் உள்ள ஜப்பான் தூதரகத்திலேயே விண்ணப்பிக்கலாமா? இல்லாவிட்டால் எங்கள் வீட்டு முகவரியைப் போட்டு ரொறொன்ரோவில் கொடுக்கலாமா?

பதில்: லண்டனில் முடியாது. கனடாவுக்கும் ஜப்பானுக்கும் 1986இல் ஏற்பட்ட ஒழுங்கின்படி தரப்படும் விசா இது. கனேடியக் குடியுரிமை இருந்தால் மட்டும் போதாது, கனடாவில் வசிப்பவராகவும் இருக்க வேண்டும். விண்ணப்பத்தை ஒட்டாவா தூதரகத்திலோ, ரொறொன்ரோ, மொன்றியல், கல்கரி, வன்கூவர் துணைத்தூதரகங்களில் வசிக்குமிடத்துக்கு உரியதிலோதான் கொடுக்க வேண்டும்.

உங்கள் மகளின் தோழிகள் யாராவது லண்டனில் இருந்தபடியே ஆஸ்திரேலியாவுக்கு விண்ணப்பித்துப் போயிருக்கலாம். அங்கே சட்டம் வேறு. 417 என்ற ஆஸ்திரேலிய வேர்க்கிங் ஹொலிடே விசாவுக்கு முதல் தடவை விண்ணப்பிப்பவர் ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருக்க வேண்டும், அவ்வளவுதான். கனேடியர்களுக்கு வயது எல்லையும் 35. ஒரு நாட்டு விசாவில் கண்டதை இன்னொரு நாட்டுக்கும் பொருத்திப் பார்ப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது.

இனி அந்த முகவரி விஷயம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஜப்பான் விசாப் படிவத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். தற்போதைய வீட்டு முகவரி கேட்கிறார்கள். அதே படிவத்தில் தற்போதைய தொழில், வேலை கொடுப்பவரின் பெயர், முகவரியும் கேட்கிறார்கள். மேலே ஸ்காபரோ, கீழே லண்டன் என்று எழுதினால் அதிகாரிக்கு வேறு சான்று தேவையில்லை. கூடவே கொடுக்கும் வங்கிக் கணக்கு விவரத்திலும் மாதாமாதம் லண்டன் அறை வாடகை போயிருக்கும். எல்லாம் உண்மை என்று உறுதிமொழி தந்து கையெழுத்திடுவதும் அந்தப் படிவத்தில்தான்.

நிராகரித்துவிட்டால், அதே நோக்கத்துக்கான புதிய விண்ணப்பத்தைப் பொதுவாக ஆறு மாதத்துக்கு ஏற்கமாட்டார்கள். உங்கள் மகளுக்கு மிச்சமிருப்பதே ஏழு மாதம். ஒரு பொய் முகவரி அந்த நேரம் முழுவதையும் தின்றுவிடும் என்பதுதான் என் பெரிய கவலை.

ஆகவே மகள் உண்மையாகவே வீடு திரும்பட்டும். லண்டன் வேலையை முடித்து, அறையை ஒப்படைத்துவிட்டு, இன்னும் ஓரிரு மாதத்துக்குள் வந்துவிடுவது நல்லது. வந்ததும் ஒன்ராறியோ ஓட்டுநர் உரிமம் காலாவதியாகியிருந்தால் புதுப்பிக்கச் சொல்லுங்கள். கனேடிய வங்கிக் கணக்கில் முகவரியைச் சரிபார்த்து, சேமிப்பையும் அதற்கு மாற்றட்டும். லண்டனில் இருந்த இரண்டு வருடத்தை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. தன்விவரக் குறிப்பில் அதைத் தொடக்கத் திகதி, முடிந்த திகதியோடு எழுதலாம். ஜப்பானில் என்ன செய்யப் போகிறார், ஏன் போக விரும்புகிறார் என்று எழுதிக் கொடுக்கும் கடிதத்திலும் அந்த அனுபவம் கைகொடுக்கும்.

வயதைப் பற்றிப் பதறாதீர்கள். விண்ணப்பிக்கும் நாளில் 30 வயதாக இருந்தால் போதும். விசா கிடைத்தபின் ஒரு வருடத்துக்குள் ஜப்பானில் நுழையலாம் என்பதால், 31ஆவது பிறந்தநாளை உங்களோடு கொண்டாடிவிட்டும் விமானம் ஏறலாம்.

விமானச் சீட்டு வாங்குவதற்கு முன் மகளையே ரொறொன்ரோ துணைத்தூதரகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். "நான் கனேடியக் குடிமகள். இத்தனையாம் திகதி லண்டனிலிருந்து நிரந்தரமாகத் திரும்பி ஸ்காபரோவில் பெற்றோருடன் வசிக்கப் போகிறேன். எப்போதிலிருந்து விண்ணப்பிக்கலாம், வசிப்பிடத்துக்கு எந்தச் சான்றை ஏற்பீர்கள்?" என்று கேட்டால் போதும். வரும் பதிலை அச்சிட்டு விண்ணப்பக் கோப்பில் வைத்துக்கொள்ளட்டும்.