ஆசனவாய்ப் புற்றுநோயை வருமுன் தடுக்க முடியுமா?

முடியும். ஆசனவாயின் உள்தோலில் செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதே இந்நோய். பெரும்பாலும் காரணம் எச்பிவி எனும் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ். அது செல்களை உடனே புற்றாக்காது. முதலில் முன்நிலை மாற்றம், அப்புறம் பல ஆண்டுகள் கழித்தே புற்று. தாராவி வீட்டுச் சுவரில் ஓதம் தெரிந்ததும் மழைக்கு முன்பே பூசிவிடுகிறோமே, அதுபோல அந்த மாற்றத்திலேயே சரிசெய்துவிடலாம்.

இதை அமெரிக்காவின் ஆங்கர் ஆய்வு 2022இல் காட்டியது. எச்ஐவியுடன் வாழும், 35 வயதோ அதற்கு மேலோ ஆன, முன்நிலை மாற்றம் உள்ள சுமார் 4,400 பேர் அதில் பங்கேற்றார்கள். சும்மா கண்காணிக்கப்பட்டவர்களைவிட, சிகிச்சை பெற்றவர்களிடம் புற்றுநோய் வருவது 57 சதவீதம் குறைந்தது. எவ்வளவு பெரிய நிம்மதி! எச்பிவி தடுப்பூசியும் தடுக்கும், பையன்களுக்கும் போடலாம்.

ரத்தம் வந்தாலே மூலம்தான் என்று மாட்டுங்கா மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் பூசிக்கொண்டிருக்காதீர்கள்; புற்றிலும் ரத்தம் வரும், டாக்டர் பரிசோதிக்காமல் வித்தியாசம் தெரியாது.