செயலி கேட்காத கேள்வி

கேள்வி: வயது 26, உப்புவெளி. வேலைக்குப் புறப்படும்போதே நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது. போனில் மூன்று பதற்றச் செயலிகள் வைத்திருக்கிறேன். அதில் ஒன்று 7 கேள்விகள் கேட்டு ‘16, கடுமையான பதற்றம்’ என்கிறது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடுமா? இதயக் கோளாறா? நித்திரை வராவிட்டால் அம்மாவின் நித்திரைக் குளுசையில் பாதி எடுப்பேன். சில இரவுகளில், காலையில் கண் விழிக்காமலே போனால் நல்லது என்றும் தோன்றுகிறது.

பதில்: தங்கச்சி, கடைசி வரியை முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும். அந்த 7 கேள்விகள் ஜிஏடி-7 என்ற பட்டியல். கடந்த 2 வாரத்துப் பதற்றத்தை 21க்கு அளக்கும். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் வைத்தியரைப் பாருங்கள் என்று அர்த்தம், அவ்வளவுதான். வாழ்க்கை வெறுத்துவிட்டதா என்று அது கேட்பதே இல்லை.

நான் கேட்கிறேன். அந்த எண்ணம் எத்தனை நாளாக வருகிறது? யாரிடமாவது சொன்னீர்களா? இப்படி நினைக்கும் ஒருவரின் கைக்கெட்டும் தூரத்தில் நித்திரைக் குளுசை இருப்பதுதான் எனக்குப் பயம். இன்றைக்கே அம்மாவிடம் சொல்லுங்கள், குளுசையை அவர் பூட்டி வைக்கட்டும். இந்தக் கிழமைக்குள் திருகோணமலை பெரியாஸ்பத்திரியின் மனநல கிளினிக்குக்குப் போங்கள். இரவில் மனம் கனத்தால் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள், 24 மணி நேரமும் பேசலாம். எப்படிச் சாவது என்று யோசனை ஓடத் தொடங்கினால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். அம்மாவை எழுப்பி உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், 1990 அம்புலன்ஸ் இலவசம்.

அம்மாவுக்கு எழுதிய குளுசை அம்மாவுக்கு மட்டும்தான். எத்தனை முறை சொன்னாலும் வீடுகளில் இது நிற்பதில்லை. நித்திரைக் குளுசைகள் பல, சில கிழமைகளிலேயே பழக்கமாகிவிடும். தினமும் எடுத்திருந்தால் சட்டென்று நிறுத்தவும் கூடாது. எத்தனை இரவு எடுத்தீர்கள் என்று கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள்.

பைத்தியம் பிடிக்காது. இதயத்துக்கு ஒரு ஈசிஜி, தைரொயிட்டுக்கு ஓர் இரத்தப் பரிசோதனை போதும். பதற்றத்தில் வரும் படபடப்பு பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக இறங்கும். கூகுளில் நோய் தேடுவதை நிறுத்துங்கள். பிளேன்ரீயையும் குறையுங்கள்.

செயலிகளில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அழித்துவிடுங்கள். மூச்சை 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடும் பயிற்சி நல்லது, நானே சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் ஒரு பிள்ளை என் அறைக்கு வெளியே வாங்கில் இருந்து, போனில் விரிந்து சுருங்கும் நீல வட்டத்தைப் பார்த்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். கை நடுக்கம் நின்றிருந்தது. உள்ளே வந்ததும், “வீட்டில் யாரோடு பேசுவீங்கள்?” என்று கேட்டேன். அப்போதுதான் அழுதார். அரை மணி நேரம் பேசினோம்.

கிளினிக்குக்குப் போகும்போது அம்மாவின் குளுசை அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகாதீர்கள், அம்மாவும் கூட வரட்டும்.