பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது மத நம்பிக்கையைச் சொல்ல வேண்டுமா?

அமெரிக்க மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும் நீங்கள், உங்கள் மதப் பற்றை முன்னரே சொல்லிவிடுவதுதான் நேர்மையா என்று கேட்கிறீர்கள். தேவையில்லை. கேட்காததைச் சொல்லாமல் விடுவது பொய் ஆகாது.

1964ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிமை உரிமைகள் சட்டம் (Civil Rights Act), மதத்தைக் காரணம் காட்டி ஒருவருக்கு வேலை மறுப்பதைத் தடை செய்கிறது. ஆனால் சட்டம் இருப்பதால் தேர்வுக்குழுவினரின் மனச்சாய்வு மறைந்துவிடாது. வானியலாளர் மார்ட்டின் காஸ்கெல் 2007இல் கென்டக்கி பல்கலைக்கழகத்தின் வானாய்வுக்கூட இயக்குநர் பதவிக்கு விண்ணப்பித்தார். விவிலியமும் வானியலும் பற்றி அவர் எழுதியவற்றை இணையத்தில் பார்த்த குழுவினர், அதைத் தங்கள் மின்னஞ்சல்களில் விவாதித்தார்கள். வேலை வேறொருவருக்குப் போனது. அவர் தொடுத்த வழக்கு 2011 தொடக்கத்தில் 1,25,000 டாலர் இழப்பீட்டுடன் சமரசமானது. பல்கலைக்கழகம் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் விண்ணப்பத்தில் மறைத்தாரா, சொன்னாரா என்பது அங்கே பொருட்டாகவே இல்லை. தேடினால் கிடைத்தது, அவ்வளவுதான். ஆகவே உங்கள் பெயரை நீங்களே ஒருமுறை இணையத்தில் தேடிப் பாருங்கள்.

சமயக் கல்லூரிகளின் கதை வேறு. அவற்றுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. இல்லினாய் மாநில வீட்டன் கல்லூரி போன்றவை ஆசிரியர்களிடம் நம்பிக்கை அறிக்கையில் கையெழுத்தே கேட்கும். மனமொப்பாமல் கையெழுத்திடுவதைவிட அங்கே விண்ணப்பிக்காமல் இருக்கலாம்.

பண்டிகை விடுப்பு, தொழுகை நேரம் போன்றவற்றைப் பணி ஆணை கைக்கு வந்த பிறகு பேசுங்கள்.