தேங்கிய தண்ணீரைப் பற்றிய ஹதீஸும் இன்றைய மருத்துவமும்

தண்ணீர் சுத்தம் பற்றி இஸ்லாம் சொல்வதும் மருத்துவம் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் ஆம். ஓர் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும்.

ஓடாமல் தேங்கி நிற்கும் தண்ணீரில் சிறுநீர் கழித்துவிட்டு அதிலேயே குளிக்காதீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரி என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இருக்கிறது. ஒருவகைப் புழுவால் வரும் பில்ஹார்சியா நோய் பரவும் விதத்தை இதோடு வைத்துப் பாருங்கள். 1851இல் கெய்ரோவில் ஜெர்மன் மருத்துவர் தியோடர் பில்ஹார்ஸ் இதன் புழுவைக் கண்டுபிடித்தார். நோயாளியின் சிறுநீரோடு முட்டை குளத்தில் விழுந்து பொரிக்கும். குஞ்சு நத்தைக்குள் புகுந்து பெருகும். அப்புறம் கவட்டை வாலோடு வெளியே நீந்தி வந்து, குளிப்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போகும். கடைசியில் சிறுநீரில் ரத்தம். குளத்தில் சிறுநீர் கலக்காவிட்டால் இந்தச் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும்.

தூங்கி எழுந்தவர் கையைக் கழுவாமல் பாத்திரத்துக்குள் விடக்கூடாது என்ற ஹதீஸும் எனக்கு மிகவும் பிடித்தது. குடத்துக்குள் கையை விட்டு மொள்ளும் வீடுகளில் வயிற்றுப்போக்கு அப்படித்தான் பரவுகிறது.

சரி, கவனம் எங்கே? நிறம், சுவை, வாசனை மாறாத தண்ணீர் ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுதல்) செய்யப் போதும் என்பது மார்க்கச் சட்டம். ஆனால் காலரா கிருமி இந்த மூன்றையும் மாற்றாமலே இருக்கும். அதனால் ஒளுவுக்கு ஆகும் தண்ணீராகவே இருந்தாலும், குடிப்பதற்குக் கொதிக்க வையுங்கள்.