லோட்டஸ், ஜாகுவார், காற்று: 1950களின் பிரிட்டிஷ் ரேஸ் கார்கள் பற்றிக் கேள்வி பதில்

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் ரேஸ் கார்களின் உடல் வடிவம் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்றிருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணா, வெறும் 1100 சிசி இன்ஜினை வைத்துக்கொண்டு லோட்டஸ் எப்படி அவ்வளவு வேகம் போனது?

அந்த இன்ஜினின் பூர்வீகமே தீயணைப்பு பம்ப், தம்பி. கவன்ட்ரி கிளைமாக்ஸ் என்ற இன்ஜின் கம்பெனி அதற்காக எடை குறைத்துச் செய்த இன்ஜினைத்தான் கொஞ்சம் பெரிதாக்கி, 1098 சிசியில் ரேஸுக்குக் கொடுத்தார்கள். சக்தி 75 குதிரைத்திறன் சொச்சம். இங்கே ஒரு கணக்கு முக்கியம்: காற்றை எதிர்த்துப் போகத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடியாக ஏறும், அதாவது வேகம் 20 சதவீதம் கூட வேண்டுமென்றால் சக்தி 70 சதவீதத்துக்கும் மேல் கூட வேண்டும். சின்ன இன்ஜின்காரன் அதற்கு எங்கே போவான்? அதனால்தான் லோட்டஸை ஆரம்பித்த காலின் சாப்மன் 1954இல் மார்க் 8 காருக்காக ஃபிராங்க் காஸ்டினைப் பிடித்தார். டி ஹாவிலண்ட் விமான நிறுவனத்தில் வேலை பார்த்தவர், லோட்டஸில் இருந்த மைக் காஸ்டினின் அண்ணன்.

மூக்கைக் கூராக்கினால் வேலை முடிந்தது என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். காஸ்டினுக்கு அதைவிடப் பெரிய கவலை, காற்று வண்டியை விட்டு எப்படிக் கழன்று போகிறது என்பது. அடிப்பக்கம் தகடு வைத்து மூடினார், சக்கரங்களை உடலுக்குள் இழுத்தார், காலியாக இருக்கும் பக்கத்து சீட்டின் மேலேயும் மூடி போட்டார். ரேடியேட்டருக்குள் போகும் காற்றுக்கு அளவான வாயும், அது வெளியேறத் தனி வழியும் வைத்தார். என் கணிப்பில் இந்த உள்காற்று விஷயத்தில்தான் மற்றவர்களை அவர் தாண்டினார், ஏனென்றால் வெளியிலிருந்து பார்த்துக் காப்பியடிக்க முடியாத இடம் அது. கம்பளி நூல் துண்டுகளை உடல் முழுக்க ஒட்டி, ஓடும் காரின் பானட்டில் தன்னையே கட்டிக்கொண்டு, நூல் எங்கே படிகிறது, எங்கே துடிக்கிறது என்று பார்த்த மனிதர். 1956இல் வந்த லோட்டஸ் லெவனின் எடை 400 சொச்சம் கிலோதான். அந்த வருடமே பிரிட்டிஷ் ரேஸ் வீரர் ஸ்டர்லிங் மாஸ், ஓட்டுநர் தலைக்கு மேல் கண்ணாடிக் குமிழ் போட்ட ஒரு லெவனை இத்தாலியின் மொன்சா பந்தயத் தடத்தில் மணிக்கு சுமார் 230 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றினார்.

ஜாகுவார் டி-டைப்பின் முதுகில் இருக்கும் துடுப்பு அழகுக்கா?

இல்லை. அம்புக்கு இறகு எதற்கோ அதற்கு. இப்படி வழுவழுப்பான உடலில் பக்கக்காற்று பெரும்பாலும் முன்பாதியைத்தான் தள்ளும், மூக்கு திரும்பிவிடும். பிரான்ஸில் 24 மணி நேரப் பந்தயம் நடக்கும் லெ மான்ஸில் முல்சான் என்ற நேர்ச்சாலை கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர், அங்கே இரவில் முழு வேகத்தில் வண்டி நெளிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பின்னால் ஒரு துடுப்பு இருந்தால் காற்றின் தள்ளல் பின்பக்கம் நகரும், வண்டி நேராக நிற்கும். மார்க் 8 லோட்டஸிலும் பின்னால் இரண்டு பெரிய துடுப்புகள் இருந்தது இதற்காகத்தான்.

கம்ப்யூட்டர் இல்லாமல் அந்த வளைவுகளை எப்படிப் போட்டார்கள் சார்?

இது எனக்கு மிகப் பிடித்த கேள்வி. ஜாகுவாரின் மால்கம் சேயர், பிரிஸ்டல் விமான நிறுவனத்திலிருந்து வந்தவர், களிமண்ணில் பிசைந்து வடிவம் தேடவில்லை. ஒவ்வொரு வளைவையும் சமன்பாடாக எழுதி, மடக்கை (லாக்) அட்டவணையும் ஸ்லைடு ரூல் என்ற கணக்கு அளவுகோலும் வைத்துப் புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டார். டி-டைப்பின் நடு உடலை முன்னாலிருந்து பாருங்கள், ஒரு நீள்வட்டம் தெரியும். அப்புறம், உடல் எவ்வளவு தாழ வேண்டுமோ அவ்வளவுக்கு இன்ஜினும் தாழ வேண்டுமே, அதற்காக எண்ணெயைத் தனித் தொட்டிக்கு மாற்றி (டிரை சம்ப்), இன்ஜினையே 8.5 பாகை சாய்த்து வைத்தார்கள். பலன் 1954 லெ மான்ஸிலேயே தெரிந்தது: 3.4 லிட்டர் ஜாகுவார் நேர்ச்சாலையில் சுமார் 278 கிலோமீட்டர் வேகம் தொட்டது, 4.9 லிட்டர் ஃபெராரி 257தான். பந்தயத்தை ஃபெராரி மயிரிழையில் ஜெயித்தது. அடுத்த மூன்று வருடமும் டி-டைப்.

வடிவத்தை மாற்றி அடிவாங்கிய கதை உண்டா?

உண்டு. 1952இல் மெர்சிடிஸ் 300எஸ்எல்-இன் வேகத்தைப் பார்த்து மிரண்ட ஜாகுவார், டி-டைப்புக்கு முந்தைய காரான சி-டைப்புக்கு அவசர அவசரமாகத் தாழ்ந்த நீள மூக்கு செய்து லெ மான்ஸுக்குக் கொண்டு போனது. அதற்குள் அடக்குவதற்காகக் குளிர்விப்புத் தொட்டியையும் குழாய்களையும் இடம் மாற்ற வேண்டியிருந்தது. மூன்று கார்களும் கொதித்து நின்றன. அடுத்த வருடம் பழைய வடிவத்துக்கே திரும்பி, டிஸ்க் பிரேக்கோடு வந்து ஜெயித்தார்கள்.

லிஸ்டர் என்ற சின்ன பிரிட்டிஷ் கம்பெனியையும் சொல்ல வேண்டும். மேடும் பள்ளமுமான 1958 உடல், முன்கண்ணாடி இவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்ற பந்தய விதியைச் சாமர்த்தியமாகச் சமாளித்து நன்றாக ஓடியது. 1959இல் காஸ்டின் செய்து கொடுத்த வழுவழுப்பான பெரிய உடல் அந்த அளவுக்குக் கைகொடுக்கவில்லை. வண்டியின் முன்பரப்பு பெரிதானால் வழுவழுப்பு சேமித்துக் கொடுத்ததை அதுவே தின்றுவிடும்.

இவர்கள் ஏன் யாரும் இறக்கை வைக்கவில்லை?

அவர்கள் தேடியது காற்றின் எதிர்ப்பைக் குறைக்கும் வழியை மட்டுமே, காற்றை வைத்து வண்டியைச் சாலையோடு அழுத்துவதை அல்ல. இது அந்தத் தலைமுறையின் உண்மையான குறை என்றே நினைக்கிறேன். 1956இல் மைக்கேல் மே என்ற சுவிஸ் இன்ஜினியர் தன் போர்ஷேயின் மேல் தலைகீழ் இறக்கை பொருத்தி ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்துக்கு வந்தார், ஓட விடவில்லை.

பிரிட்டனில் மட்டும் ஏன் இத்தனை சின்னக் கம்பெனிகள்?

போர் முடிந்ததும் விமான இன்ஜினியர்களும் காலி விமான ஓடுதளங்களும் மிஞ்சின. சில்வர்ஸ்டோன், குட்வுட், ஸ்னெட்டர்டன் எல்லாமே விமானதளங்கள். பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த நம் சோழவரம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு கார் எடுத்துக்கொள்ளலாம் என்றால் உங்களுக்கு எது?

யோசிக்கவே வேண்டாம், 1957 லெ மான்ஸ் ஓடிய 744 சிசி லோட்டஸ் லெவன். இன்ஜின் அளவுக்கு ஏற்ற சாதனையைப் பார்த்துக் கொடுக்கும் பரிசு அங்கே ஒன்று உண்டு, அதை அந்தக் குட்டி வண்டிதான் எடுத்துப் போனது.